மத நிறுவனக் கல்லூரியில் குறைந்த செலவில் பிபிஏ படிக்க முடியுமா? (பாலக்கோடு பக்கம்)

மாரண்டஅள்ளி அண்ணன்

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறான். காமர்ஸ் குரூப், தமிழ் மீடியம். கணக்குப்பதிவியலில் நல்ல மார்க். பிபிஏதான் படிப்பேன் என்று நிற்கிறான். வீட்டில் தக்காளி விவசாயம். ராயக்கோட்டை மண்டியில் ஒரு வருடம் பெட்டிக்கு நல்ல விலை வரும், அடுத்த வருடம் பறிப்புக் கூலிக்கே கட்டாது. அப்பா வருமானத்தை நம்பி மூன்று வருட ஃபீஸுக்குக் கணக்குப் போட முடியாது. நான் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். என் சம்பளத்தில்தான் அவன் படித்தாக வேண்டும்.

ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சர்ச், மடம், ஆசிரமம் நடத்துகிற இடத்தில் சேர்த்துவிடு, சேவையாக நடத்துகிறார்கள், ஃபீஸ் கம்மி, ஒழுக்கமும் வரும் என்கிறார் பஞ்சாயத்தில் வேலை பார்க்கும் மாமா. சோகத்தூர் டான் போஸ்கோ, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி, வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி, பெங்களூரு கிறைஸ்ட் பல்கலைக்கழகம் என்று பெயர்கள் வருகின்றன. புட்டபர்த்தி சத்ய சாய் பல்கலைக்கழகத்தில் ஃபீஸே கிடையாது என்று இன்னொருவர் சொன்னார். அம்மாவுக்கு வேறு பயம்: பையன் வேறு சாமி கும்பிட்டுக்கொண்டு வந்து நிற்பானோ என்று.

என் கேள்வி மூன்று. மத நிறுவனம் என்றால் உண்மையிலேயே செலவு குறைவா? மத விஷயத்தில் கட்டாயம் ஏதாவது உண்டா? வேலைக்குப் போகும்போது அந்தப் பட்டத்துக்கு மதிப்பு எப்படி? படித்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் சொல்லுங்கள்.

பர்கூர்காரன்

அண்ணா, ஏன் இவ்வளவு சுற்ற வேண்டும்? தருமபுரி அரசு கலைக் கல்லூரி 1965-லிருந்து இருக்கிறது. கிருஷ்ணகிரியிலும் ஆண்கள் கலைக் கல்லூரி இருக்கிறது. விண்ணப்பம் ஆன்லைனில், 50 ரூபாய்தான். வருடத்துக்குச் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். பி.காம். போடச் சொல்லுங்கள். சர்ச்சும் வேண்டாம், ஆசிரமமும் வேண்டாம்.

வணிகவியல் வாத்தியார்

பர்கூர்காரர் சொன்ன அரசு கல்லூரியை முதல் இடத்தில் வையுங்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அங்கே இடம் கிடைக்காமலும் போகலாம், ஒரே வகுப்பில் கூட்டமும் அதிகம். அதனால் உங்கள் கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்கிறேன். ஓர் உதவி பெறும் கல்லூரியில் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அட்மிஷன் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்த அனுபவம் உண்டு.

மத நிறுவனம் என்பதால் ஃபீஸ் குறையாது. சீட் எய்டெட் (அரசு உதவி பெறும்) சீட்டாக இருந்தால்தான் குறையும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி குழப்பம் தீரும். தமிழ்நாட்டில் பழைய கல்லூரிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. அதனால்தான் அந்தப் பாடப்பிரிவுகளில் கட்டணம் அரசு கல்லூரியை ஒட்டி இருக்கும். திருச்சி ஜோசப் கல்லூரி (1844), மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி (1837), மதுரை அமெரிக்கன் கல்லூரி (1881), வாணியம்பாடி இஸ்லாமியா (1919), திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி (1951), திருச்சி ஜமால் முகமது (1951) எல்லாம் அந்தக் காலத்து நிறுவனங்கள். 1990களுக்குப் பிறகு வந்த கல்லூரிகளோ பெரும்பாலும் சுயநிதி. நடத்துவது பாதிரியாராக இருந்தாலும் சரி, சாமியாராக இருந்தாலும் சரி, ஆசிரியர் சம்பளம் உங்கள் ஃபீஸில் இருந்துதான் வர வேண்டும்.

இதற்குள்ளும் ஒரு நுணுக்கம். ஒரே கல்லூரி, ஒரே கேட், ஒரே கட்டடம். காலை ஷிப்டில் பி.காம். எய்டெட். மதிய ஷிப்டில் பி.காம். சி.ஏ. (கணினிப் பயன்பாடு), பிபிஏ, பிசிஏ எல்லாம் செல்ஃப் பைனான்ஸ், அதாவது சுயநிதி. இரண்டுக்கும் ஃபீஸ் பல மடங்கு வித்தியாசப்படும். பிபிஏ என்கிற படிப்பே பிற்பாடு வந்தது என்பதால் அது பெரும்பாலும் சுயநிதிப் பக்கம்தான் இருக்கும். 'பெரிய பழைய கல்லூரி, ஃபீஸ் கம்மியாம்' என்று கேள்விப்பட்டு வரும் அப்பாக்கள் பிபிஏ விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு, சலான் வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேஷ் கவுன்டர் முன்னால் அப்படியே நின்றதைப் பார்த்திருக்கிறேன். தொகையை ஒரு முறை பார்ப்பார்கள், பையனை ஒரு முறை பார்ப்பார்கள். விண்ணப்பம் வாங்கும் இடத்திலேயே 'இந்தப் பிரிவு எய்டெடா, செல்ஃப் பைனான்ஸா' என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த நிலை வந்திருக்காது.

சேவை நிறுவனம் என்றால் மலிவு என்ற நம்பிக்கைக்கு எதிரான உதாரணம் வேண்டுமா? ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐ மேலாண்மைக் கல்லூரி, இயேசு சபையினர் 1949-ல் தொடங்கியது. இன்று அங்கே எம்பிஏ மாதிரியான இரண்டு வருட மேலாண்மை டிப்ளமோவுக்கு இருபது லட்சத்துக்கு மேல் ஆகும். பெங்களூரு கிறைஸ்ட், சிஎம்ஐ என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர் 1969-ல் கல்லூரியாகத் தொடங்கி 2008-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே பிபிஏவுக்கு ஆண்டுக்கே லட்சத்தைத் தாண்டும். நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஷிப்ட் சம்பளத்தில் கட்டக்கூடிய இடம் இல்லை.

உதவித்தொகையும் சீட்டைப் பொறுத்துத்தான். பிசி, எம்பிசி மாணவர்களுக்கு அரசு மற்றும் உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசக் கல்வி உதவி இருக்கிறது. எஸ்சி, எஸ்டி என்றால் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. தம்பி ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அது 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் அதுவே தாங்கும்.

இன்னொன்று. 2024-25 முதல் பிபிஏ, பிசிஏ படிப்புகள் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதலின் கீழ் வந்துவிட்டன. எந்தக் கல்லூரியில் பிபிஏ பார்த்தாலும் அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அரூர் அக்கா

வாத்தியார் சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் வீட்டில் பட்டிருக்கிறோம். ஒரு டிரஸ்ட் நடத்துகிற கல்லூரி, பெயர் வேண்டாம். ஆன்மிகப் பெரியவர் படம் போட்ட நோட்டீஸ், வருடம் 18,000 என்று பேச்சு. மகளைச் சேர்த்தோம். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. சீருடை அவர்களிடமே வாங்க வேண்டும், பஸ் ஃபீஸ் தனி, வேலைவாய்ப்புப் பயிற்சிக் கட்டணம் தனி, ஆண்டு விழாவுக்கு ஒரு தொகை, தேர்வுக் கட்டணம் தனி. கூட்டிப் பார்த்தால் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. பாதியில் நிறுத்தலாம் என்றால் அசல் மார்க்‌ஷீட் அவர்கள் பீரோவில். அதைக் காட்டியே மீதிப் பணத்தையும் வாங்கிவிட்டார்கள். 'இது கோயில் மாதிரி இடம்மா' என்று பேசிக்கொண்டேதான் வாங்கினார்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

முதல் வருடம் முதல் மூன்றாம் வருடம் வரை என்னென்ன தலைப்பில் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள் தம்பி. வாயால் சொன்னதை நம்பாதீர்கள்.

வணிகவியல் வாத்தியார்

அக்கா சொன்ன சான்றிதழ் விஷயத்தில் விதி தெளிவாக இருக்கிறது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-ல் வெளியிட்ட அறிவிப்பின்படி எந்தக் கல்லூரியும் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால், நடைமுறைக் கட்டணமாக ஒரு சிறு தொகை மட்டும் கழித்துக்கொண்டு மீதி ஃபீஸ் முழுவதும் திரும்ப வரும். அதற்குப் பிறகு 90, 80, 50 சதவீதம் என்று குறைந்துகொண்டே போய், கடைசித் தேதிக்குப் பிறகு 30 நாள் தாண்டினால் ஒன்றும் வராது. நடத்துபவர் யார் என்பதை வைத்து இந்த விதி மாறாது. இரண்டு மூன்று இடத்தில் விண்ணப்பித்து எது கிடைக்கும் என்று காத்திருக்கும் வீட்டுக்கு இந்தத் தேதிகள் ரொம்ப முக்கியம்.

பிருந்தாவனம் முன்னாள்

சத்ய சாய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் பெங்களூரு காடுகோடியில் இருக்கும் பிருந்தாவன் வளாகத்தில் பி.காம். படித்தவன். சொந்த ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம்.

கேள்விப்பட்டது உண்மை. 1981-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனதிலிருந்தே கற்பிப்புக் கட்டணம் கிடையாது. எம்பிஏவுக்கும் கிடையாது. விடுதியில் சாப்பாட்டுச் செலவு கட்ட வேண்டும், அது நியாயமாகத்தான் இருக்கும். டொனேஷன் என்ற பேச்சே இல்லை. வசதி இல்லாத வீட்டுப் பையன்கள் அங்கிருந்து படித்து நல்ல நிலைக்கு வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால் அந்த இடத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அங்கே படிப்பும் வாழ்க்கைமுறையும் ஒன்றுதான். விடுதியில் தங்குவது கட்டாயம். விடியற்காலை எழுந்து சுப்ரபாதம், மாலையில் பஜனை. வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை. செல்போனுக்கு இடமில்லை. விடுதி வேலைகளை மாணவர்களே பங்கிட்டுச் செய்ய வேண்டும். எந்த மதத்துப் பையனும் சேரலாம், யாரும் மதம் மாறச் சொல்ல மாட்டார்கள். ஆனால் 'எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, பஜனை நேரத்தில் ரூமில் படுத்திருக்கிறேன்' என்று சொல்லி மூன்று வருடம் ஓட்ட முடியாது. ஃபீஸ் இல்லை என்பதற்காக மட்டும் வந்த பையன்கள் உள்ளுக்குள்ளேயே புழுங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

சேர்க்கை நுழைவுத் தேர்வும் நேர்காணலும் வைத்து நடக்கும், பாடம் முழுக்க ஆங்கிலம். பிளஸ் டூ ரிசல்ட் வந்தபிறகு பார்க்கலாம் என்று இருந்தால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும். தம்பிக்கு இந்த வருடம் வாய்ப்பு குறைவு. பட்டம் முடித்துவிட்டு எம்பிஏவுக்கு முயற்சி செய்யலாம். அதற்குள் அந்த வாழ்க்கைமுறை தனக்கு ஒத்துவருமா என்று அவனே முடிவெடுக்கும் வயதும் வந்துவிடும்.

காவேரிப்பட்டினம் அம்மா

உங்கள் அம்மா பயப்படுவதில் தப்பில்லை தம்பி. நாம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்து வளர்க்கிற பிள்ளை. தினமும் சர்ச் பாட்டு கேட்டால் மனசு மாறாதா? காசு மிச்சம் பிடிக்கப் போய்ப் பிள்ளையைத் தொலைத்துவிடக் கூடாது. நான் மனதில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நெஞ்சக்கல்லூரி பழைய மாணவர்

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. நான் கிருஷ்ணகிரிப் பையன், மாரியம்மன் கோயில் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கும் குடும்பம். பர்கூர் வழியாகத் தினமும் பஸ்ஸில் போய்த் திருப்பத்தூரில் படித்தேன். வகுப்பில் பெரும்பாலானவர்கள் என்னைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்தான். காலையில் ஒரு பொதுப் பிரார்த்தனை இருக்கும், எழுந்து நிற்போம். கத்தோலிக்கப் பையன்களுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும்போது எங்களுக்கு நன்னெறி வகுப்பு. அதில் பேசியது நேர்மை, குடும்பம், குடிப்பழக்கம் இவற்றைப் பற்றி. ஃபாதர் ஒருவர் என் அப்பாவுக்கு உடம்பு முடியாதபோது வீடு வரைக்கும் வந்து பார்த்தார். அவர் எங்கள் சாமி படத்துக்கு முன்னால்தான் உட்கார்ந்து டீ குடித்தார். இன்றைக்கும் நான் தீச்சட்டி எடுக்கிறேன்.

வணிகவியல் வாத்தியார்

நண்பர் தன் அனுபவத்தைச் சொன்னார். எல்லா இடமும் அப்படியே இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன், ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்லலாம். அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவில் மூன்றாவது உட்பிரிவு: அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு உதவி பெறும் எந்தக் கல்வி நிறுவனத்திலும், மாணவரின் சம்மதம் இல்லாமல் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். சேரும்போது கையெழுத்துப் போடும் படிவத்தில் வழிபாட்டில் கலந்துகொள்ள ஒப்புக்கொள்வதாக வரி இருந்தால், சம்மதம் கொடுத்துவிட்டதாகத்தான் அர்த்தம் ஆகும். அதனால் படிவத்தை முழுதாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.

இட ஒதுக்கீடும் கவனிக்க வேண்டியது. சிறுபான்மை நிறுவனங்கள் 30-ஆம் பிரிவின்படி தங்கள் சமூகத்தாருக்கு இடம் ஒதுக்கிக்கொள்ளலாம். 15-ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு அவர்களுக்கு இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்குத் தருகிறது. அரசு கல்லூரியில் 69 சதவீத ஒதுக்கீட்டில் எளிதாகக் கிடைக்கிற மார்க்குக்கு இங்கே இடம் கிடைக்காமல் போகலாம்.

ஓசூர் எச்.ஆர்.

மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலை. அக்கவுன்ட்ஸுக்கு வரும் பையனின் பட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு நொடி பார்ப்பேன். தருமபுரிக் கல்லூரிகள் என்றால் பெரியார் பல்கலைக்கழகம், திருப்பத்தூர், வாணியம்பாடி என்றால் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். சான்றிதழ் கொடுப்பது அரசுப் பல்கலைக்கழகம்தான் என்பதால் கல்லூரியை நடத்துவது யார் என்பது எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அதற்குப் பிறகு என்ன செய்வேன் தெரியுமா? ஒரு மாதத்துக் கொள்முதல் பில் கட்டையும், அந்த மாதத்து ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் தங்கள் ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டிய பில்களின் பட்டியல்) பிரின்ட்டையும் மேசையில் வைப்பேன். இரண்டையும் ஒப்பிட்டு, எந்த பில் 2பி-யில் வரவில்லை என்று எடுக்கச் சொல்வேன். சில பையன்கள் மொத்தத் தொகையை மட்டும் கூட்டிப் பார்த்து 'டேலி ஆகலை சார்' என்று நிறுத்திவிடுவார்கள். நல்ல பையன் பில் நம்பரைத் தேடுவான், ஜிஎஸ்டி பதிவு எண்ணில் ஒரு எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடிப்பான், சப்ளையர் ரிட்டர்ன் போடவில்லை என்றால் நமக்கு இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை) நின்றுபோகும் என்று சொல்வான். இதைச் சொல்லிக்கொடுத்த கல்லூரி எதுவோ அதுதான் நல்ல கல்லூரி. போன வாரம் அப்படி ஒரு பையனை எடுத்தேன். அரசு கல்லூரி பி.காம்., ஊரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் மாலை நேரம் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டவன்.

அதனால் பிபிஏ என்ற பெயரில் பிடிவாதம் வேண்டாம். எய்டெட் பி.காம். படித்துவிட்டு, டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்பிஏ போனால் பிபிஏ படித்தவனுக்கு ஒரு அடிகூடப் பின்னால் இல்லை. கணக்குப்பதிவியல் கையில் இருப்பதால் முன்னால்தான் இருப்பான்.

பர்கூர்காரன்

எங்கள் பக்கம் ஒருவர் ஆன்லைனில் அமெரிக்கப் பட்டம் படிக்கிறார். மார்மன் சபையினர் நடத்தும் பிஒய்யு பாத்வே. வணிக மேலாண்மைப் பட்டம், நம் ஊர் ஆட்களுக்கு ஃபீஸும் குறைவு என்கிறார். அது எப்படி?

ஓசூர் எச்.ஆர்.

அமெரிக்காவில் அது அங்கீகாரம் பெற்ற படிப்புதான். ஆனால் அந்தச் சபையின் நடத்தை விதிகளுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். மது, புகையிலை மட்டும் இல்லை, டீ, காபியும் கூடாது. மதப்பாடங்களும் பட்டத்தின் ஒரு பகுதி. இங்கே அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ போனால் வெளிநாட்டுப் பட்டத்துக்கு நிகர்மதிப்புச் சான்று கேட்பார்கள். ஏற்கெனவே வேலையில் இருந்து, ஆங்கிலமும் திறமையும் வளர்த்துக்கொள்ள நினைப்பவருக்குச் சரி. பிளஸ் டூ முடித்த பையனுக்கு முதல் பட்டமாக இதை நான் சொல்ல மாட்டேன். குரூப் தேர்வு, பாங்க் தேர்வு எழுதும் கதவை அவனுக்குத் திறந்தே வைத்திருங்கள்.

மாரண்டஅள்ளி அண்ணன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாரவிடுப்பில் தம்பியைக் கூட்டிக்கொண்டு நேரில் விசாரித்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு ஆபீசிலும் முதல் கேள்வியாக எய்டெடா, செல்ஃப் பைனான்ஸா என்றுதான் கேட்டோம். அக்கா சொன்னபடி ஃபீஸ் விவரத்தை எழுத்தில் கேட்டோம். ஒரு இடத்தில் உடனே பிரின்ட் எடுத்துக் கொடுத்தார்கள், இன்னொரு இடத்தில் 'சேர்ந்தபிறகு பேசிக்கலாம்' என்றார்கள். அந்த இரண்டாவது இடத்தை அப்போதே விட்டுவிட்டோம்.

தம்பி பிபிஏவை விடுவதற்கு முதலில் முகம் சுளித்தான். எச்.ஆர். சார் எழுதியதை அவனிடமே படிக்கக் கொடுத்தேன். 2பி என்றால் என்ன என்று யூடியூபில் தேடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இப்போது தருமபுரி அரசு கல்லூரிக்கும், பாதிரிமார் நடத்தும் பழைய கல்லூரி ஒன்றில் எய்டெட் பி.காம்.முக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். இரண்டும் கிடைத்தால் அரசு கல்லூரி, இல்லாவிட்டால் அந்தக் கல்லூரி. அம்மாவிடம் 28-ஆம் பிரிவை விளக்கிச் சொன்னேன். அவர்களுக்குச் சட்டத்தைவிட அந்தத் தீச்சட்டி அண்ணன் சொன்னதுதான் தைரியம் கொடுத்தது.

ஒரே ஒரு சந்தேகம். தம்பி முழுக்கத் தமிழ் மீடியம். கல்லூரியில் ஆங்கிலத்தில் நடத்தினால் சமாளிப்பானா?

வணிகவியல் வாத்தியார்

சமாளிப்பான். என் வகுப்பில் பாதிப் பேர் தமிழ் மீடியம்தான். முதல் செமஸ்டரில் கணக்குப்பதிவியல் பாடம் அவனுக்குப் பழகினதாகவே இருக்கும். பற்று, வரவு என்று படித்ததை டெபிட், கிரெடிட் என்று எழுதப் பழக வேண்டும், அவ்வளவுதான். வணிகச் சட்டமும் பொருளாதாரமும்தான் இழுக்கும். கல்லூரி திறப்பதற்கு முன்னால் இருக்கும் இந்த நாட்களில் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தின் ஆங்கில வழிப் பதிப்பை பாடநூல் கழக இணையதளத்தில் இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இலவசம்தான். தெரிந்த பாடத்தையே ஆங்கிலத்தில் படித்தால் வார்த்தைகள் தானாக ஏறும். தமிழில் தேர்வு எழுத அந்தக் கல்லூரியில் அனுமதி உண்டா என்றும் துறைத் தலைவரிடம் நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், தமிழ்ப் புதல்வனுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததைக் காட்ட வேண்டும், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும் அவன் பெயரில் வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளித் தலைமையாசிரியரிடம் சான்று வாங்க இப்போதே போய்விடுங்கள். அட்மிஷன் நேரத்தில் அங்கே கூட்டம் நெருக்கும்.